சீனத்துப் பத்தியும் நம் வரப்புச் சந்தனமும்

சாமி கும்பிடப் பத்தி கொளுத்துகிறோம். குழந்தைக்குத் தலைக்கு ஊற்றினால் சாம்பிராணிப் புகை காட்டுகிறோம். இந்த வழக்கம் சீன தேசத்திலும் உண்டு. முன்னோரை வணங்கவும், துணிமணிக்கு வாசம் ஏற்றவும், பூச்சியை விரட்டவும் அங்கே புகை போட்டார்கள். பத்தி எரியும் அளவை வைத்து நேரமும் பார்த்தார்களாம்! ஒன்று மட்டும் கவனிக்க வேணும். எந்தப் புகையானாலும் அடைத்த அறையில் நெஞ்சுக்கு ஆகாது. சன்னலைத் திறந்து வையுங்கள்.

சீனத்துப் பத்திக்கு வேண்டிய சந்தனம் பெரும்பாலும் வெளியிலிருந்தே போனது. சந்தனத்துக்கான பழைய சீனச் சொல்லே நம் ‘சந்தனம்’ என்ற சொல்லின் வழி வந்ததுதான். ராஜராஜ சோழன் அனுப்பிய தூதர்கள் 1015-இல் சீன அரசவைக்கு முத்து, தந்தத்தோடு வாசனைப் பொருள்களும் கொண்டுபோனார்கள். பிற்பாடு ஆங்கிலக் கம்பெனியார் மேற்குக் கரையிலிருந்து காண்டன் துறைமுகத்துக்குச் சந்தனக் கட்டைகளை ஏற்றினார்கள்.

இத்தனை கிராக்கி உள்ள மரம் யாருக்குச் சொந்தம்? 1792-இல் திப்பு சுல்தான் அதை அரச மரமாக, அதாவது அரசுக்கே உரிய மரமாக அறிவித்தார். கோயமுத்தூர்ச் சீமை அப்போது மைசூர் ஆட்சியில் இருந்தது. 1799-இல்தான் ஆங்கிலேயர் கைக்கு வந்தது. மைசூர்ப் பக்கம் அந்த ஏற்பாடு வெகுகாலம் நீடித்தது. விளைவு என்ன தெரியுமா? வரப்பில் தானாய் முளைத்த கன்றையும் குடியானவர் பிடுங்கி எறிந்தார். வளர்ந்தால் லாபம் சர்க்காருக்கு, களவு போனால் கேள்வி நமக்கு என்றால் யார்தான் வளர்ப்பார்கள்?

கடல் கடந்த ஹவாய்த் தீவிலும் இதே கதைதான். சீனச் சந்தைக்காகத் தலைவர்கள் குடிகளை உழவை விடச் சொல்லி மலைக்கு அனுப்பினார்கள். 1840 வாக்கில் வெட்ட மரமில்லை. அங்குள்ள ஹொனலுலு ஊரைச் சீனர்கள் இன்றும் ‘சந்தன மலை’ என்கிறார்கள். பேர் இருக்கிறது, மரம் போச்சு.

நம் தமிழ்நாட்டில் 2002-இல் சட்டம் திருத்தப்பட்டது. சொந்த நிலத்தில் சந்தனம் வளர்ப்பவருக்கு அந்த மரத்தில் உரிமை கிடைத்தது. ஆனால் வெட்ட வனத்துறை அனுமதி கட்டாயம். நட்டவுடன் கிராம நிர்வாக அலுவலரிடம் சொல்லி அடங்கலில் பதிந்துவிடுங்கள்.

சந்தனம் தனித்து வாழாது. அதன் வேர் பக்கத்துச் செடியின் வேரைப் பற்றிச் சத்து உறிஞ்சும். ஆகவே கன்றோடு துவரை போடுங்கள். பின்னால் சவுக்கு, வேம்பு துணை நிற்கும். தண்ணீர் தேங்காத செம்மண் ஏற்றது. வைரம் பாய பத்துப் பதினைந்து வருஷம் ஆகும். வேரிலும் எண்ணெய் உண்டு, அதனால் மரத்தை வேரோடுதான் எடுப்பார்கள். திருட்டுப் பயமும் உண்டு. காவலுக்கு வழியில்லாதவர் நூறு கன்று நடுவதைவிட, வீட்டுப் பக்கம் பத்து நடுவது மேல்.

வரப்பில் ஒரு கன்று முளைத்தால் இனிப் பிடுங்க வேண்டாம். அது உங்கள் மரம்.