சிவந்த கையும் ஒரு குடிப்பெயரும்

ஒரு பெயரைச் சூடுவதே அரசத் துரோகம் என்று சட்டம் செய்யப்பட்டதுண்டா? உண்டு. 1569-ஆம் ஆண்டில் டப்ளின் நகரிலே கூடிய அயர்லாந்துப் பாராளுமன்றம் அத்தகைய சட்டமொன்றை நிறைவேற்றிற்று. அச்சட்டம் ஒழிக்க முனைந்த பெயர் ‘ஓ நீல்’ என்பதாகும். ஒரு குடிப்பெயரைக் கண்டு ஆங்கில முடியரசு ஏன் அஞ்சியது? அதனை அறிய, அப்பெயர் பிறந்த வகையை முதலில் நோக்குதல் வேண்டும்.

ஐரிஷ் மொழியில் ‘மாக்’ என்பது மகனையும், ‘ஓ’ என்பது பேரனையும் குறிக்கும். பத்தாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் ‘கருமுழங்கால் நியால்’ என்ற பேரரசன் ஒருவன் அயர்லாந்தில் வாழ்ந்தான். கடல் கடந்து வந்து டப்ளினைக் கைக்கொண்டிருந்த நார்ஸ் மக்களோடு பொருது, 919-இல் அவன் போர்க்களத்தில் வீழ்ந்தான். அவனுடைய பேரன் டொம்னால், ‘நியாலின் பேரன்’ எனப் பெற்றான். 980-இல் டொம்னால் மறைந்த பின்னரும், வழிவழி வந்தோர் அச்சொல்லையே தம் பெயராகக் கொண்டனர். உறவைச் சுட்டிய சொல் இவ்வாறு குடிப்பெயராக நிலைத்தது.

அயர்லாந்தின் வடபகுதியாகிய அல்ஸ்டரில் இக்குடியினரின் ஆட்சி ஓங்கிற்று. குடித்தலைவன் தன் சொந்தப் பெயரால் அழைக்கப்படுவதில்லை. ‘ஓ நீல்’ என்று மட்டுமே அழைக்கப்படுவான். தந்தைக்குப்பின் மூத்த மகனே தலைவன் என்ற நியதியும் இல்லை. உறவினருள் தக்கவன் தேர்ந்தெடுக்கப்படுவான். டல்லிஹோக் என்னும் குன்றிலிருந்த கல்லிருக்கையில் அவனை அமர்த்திப் பட்டம் சூட்டுவர். ஆகவே, அப்பெயரைத் தாங்குதல் ஆட்சியுரிமையைத் தாங்குதலேயாகும்.

எட்டாம் ஹென்றி மன்னன் இதனை உணர்ந்திருந்தான். 1542-இல் கான் ஓ நீல் என்ற தலைவன் அம்மன்னன் முன் பணிந்து, தன் பட்டப்பெயரைத் துறந்து, ‘டைரோன் பிரபு’ என்ற ஆங்கிலப் பட்டத்தை ஏற்றான். ஆனால் அவன் மகன் ஷேன் 1559-இல் பழைய பெயரையே மீண்டும் சூடினான். 1567-இல் ஷேன் கொலையுண்டான். அதன் பின்னரே முற்கூறிய சட்டம் எழுந்தது. எனினும் 1595-இல் ஹியூ ஓ நீல் அக்கல்லிருக்கையில் அமர்ந்தான். ஆங்கிலப் படைத்தலைவன் மவுண்ட்ஜாய் 1602-இல் அக்கல்லையே உடைத்தெறிந்தான். மறு ஆண்டு ஹியூ பணிந்தான். 1607-இல் நாடு நீங்கினான். 1616-இல் ரோமாபுரியில் மறைந்தான்.

இனி, இக்குடியின் இலச்சினையைக் காண்போம். வெள்ளிக் கேடயத்தில் இரு செஞ்சிங்கங்கள் எதிரெதிர் நின்று ஒரு சிவந்த கையைத் தாங்கும். மேலே மூன்று விண்மீன்கள். கீழே அலைகளிடையே நீந்தும் ஒரு மீன். கையைப் பற்றி ஒரு கதை வழங்குகின்றது. முதலில் கரையைத் தொடும் கைக்கே நாடு என்று படகுப்போட்டி நடந்ததாம். பின்தங்கிய வீரன் தன் கையை வெட்டிக் கரையில் எறிந்து நாட்டை வென்றானாம். இது கதையே, வரலாறன்று. ஆயினும் பதினான்காம் நூற்றாண்டு ஓ நீல் அரசன் ஒருவனின் முத்திரையிலேயே அக்கை காணப்படுகிறது.

பின்னர் நிகழ்ந்தது வியப்புக்குரியது. 1611-இல் முதலாம் ஜேம்ஸ் மன்னன் ‘பாரனெட்’ என்னும் புதிய பட்டத்தை ஏற்படுத்தினான். அல்ஸ்டரில் குடியேற்றத்தைக் காக்க, முப்பது வீரர்களுக்கு மூன்றாண்டுச் சம்பளமாகிய 1,095 பவுனை அளிப்போர் அப்பட்டத்தைப் பெற்றனர். அவர்களுக்கு மன்னன் அளித்த சின்னம் எது? அதே சிவந்த கை! நிலத்தை இழந்தோரின் அடையாளம், அந்நிலத்தின் குடியேற்றத்துக்குப் பொருள் கொடுத்தோரின் அணியாயிற்று. 1953 முதல் 1972 வரை வட அயர்லாந்து அரசின் கொடியில் விளங்கியதும் அக்கையே. டைரோன் மாவட்டத்துக் கேலிக் விளையாட்டு வீரர்கள் அணிவதும் அக்கையே. அரசியலில் எதிரெதிர் நிற்போர் இருவரும் அதனைத் தமதென்கின்றனர்.

மாணவர்கள் ஒன்றை மனத்திற் கொள்ளுதல் நன்று. இலச்சினை முறைப்படி, கேடயச் சின்னம் அதனைப் பெற்றவருக்கும் அவர் வழியினருக்குமே உரியது. ஒரே பெயருடையார் அனைவருக்கும் உரியதன்று. ஆனால் பெயரோ எல்லோருக்கும் பொது. சட்டம் தடுத்த அப்பெயரை இன்று பல நாடுகளில் பல்லாயிரவர் அச்சமின்றித் தாங்கி வாழ்கின்றனர்.