சவரக்கத்தியில் வெள்ளி உண்டா?

பணி ஓய்வுக்குப் பிறகு பழைய சவரக்கத்திகளைத் துரு நீக்கிச் சரிசெய்வது எனக்குப் பொழுதுபோக்காகிவிட்டது. கைப்பிடிக்குள் மடக்கி வைக்கும் அந்தக் காலத்துக் கத்திகளைச் சொல்கிறேன். பிரெஞ்சுக்காரர்கள் இதற்குக் கேலியாக வைத்த பெயர் ‘கூப் ஷூ’, அதாவது கோஸ் வெட்டி. எய்ட்ஸ் பயம் வந்து, பாதி பிளேடு செருகும் கத்தி சலூன்களில் புகுந்ததும் இவையெல்லாம் பழைய இரும்புக்குப் போய்விட்டன. நம் புதுச்சேரி ஞாயிறு சந்தையில் எப்போதாவது ஒன்று அகப்படும். பிரான்சின் தியேர் ஊர்க் கத்தி, இல்லாவிட்டால் இங்கிலாந்தின் ஷெஃபீல்டு கத்தி.

சில ஷெஃபீல்டு கத்திகளில் ‘சில்வர் ஸ்டீல்’ என்று பொறித்திருக்கும். அதைப் பார்த்துவிட்டு என் சம்பந்தி, “உருக்கினால் எத்தனை கிராம் தேறும்?” என்று கேட்டார். ஒன்றும் தேறாது. ஆனால் அந்தப் பெயர் வந்த கதை நம் பக்கத்தில் தொடங்குகிறது.

தென்னாட்டுக் கொல்லர்கள் இரும்புத் துண்டோடு ஆவாரங்கட்டையும் எருக்கிலையும் மண்குகையில் வைத்து, வாயைக் களிமண்ணால் அடைத்து, கரி உலையில் ஊதி உருக்கு எடுத்தார்கள். வெள்ளைக்காரர்கள் அதை ‘வூட்ஸ்’ என்றார்கள். 1794இல் பம்பாயிலிருந்து டாக்டர் ஹெலனஸ் ஸ்காட் அதன் கட்டிகளை லண்டன் ராயல் சொசைட்டித் தலைவருக்கு அனுப்பினார். ஸ்டோடார்ட் என்ற லண்டன் கத்திக்காரர் அதில் ஒரு சிறு கத்தி அடித்துப் பார்த்து மயங்கிப்போனார். பிறகு அவரும் மைக்கேல் ஃபாரடேயும் (ஆம், மின்சாரப் பாடத்தில் படித்த அதே ஃபாரடே, கொல்லர் மகன்) இந்த உருக்கின் ரகசியத்தைத் தேடி, எஃகோடு பல உலோகங்களைக் கலந்து பார்த்தார்கள். 500 பங்கு எஃகுக்கு 1 பங்கு வெள்ளி நன்றாக இருக்கிறது என்று 1822இல் எழுதினார்கள். அதற்கு மேல் வெள்ளி சேர்ந்தால் ஒட்டாமல் தனியே கசிந்துவிடும். ஷெஃபீல்டுக்காரர்கள் பெயரைப் பிடித்துக்கொண்டார்கள். வெள்ளியைப் பெரும்பாலும் மறந்துவிட்டார்கள். வியாபாரம்!

அதைவிட எனக்கு உறைப்பது இன்னொரு கதை. ஜோசையா மார்ஷல் ஹீத் என்பவர் சென்னையில் கம்பெனி உத்தியோகத்தை உதறிவிட்டு, 1830 வாக்கில் நமக்குப் பக்கத்திலுள்ள பரங்கிப்பேட்டையில் இரும்பாலை வைத்தார். தாது சேலத்திலிருந்து வந்தது. ஆவாரங்கட்டை விவரத்தை எழுதி வைத்தவர்களில் அவரும் ஒருவர். ஆலையில் பணம் கரைந்தது. அவர் ஷெஃபீல்டுக்குப் போய், எஃகு உருக்கும்போது மாங்கனீசு சேர்க்கும் முறைக்கு 1839இல் காப்புரிமை வாங்கினார். அதனால் மலிவான இரும்பிலும் நல்ல எஃகு கிடைத்தது. ஊரே அந்த லாபத்தை அனுபவித்தது. அவருடைய முகவராக இருந்தவரே முறையைச் சற்று மாற்றி, இது வேறு என்று வாதாடினார். வழக்கு முடியுமுன் 1851இல் ஹீத் இறந்துபோனார். முப்பது வருடம் கோப்புகளோடு வாழ்ந்தவன் நான். ஒரு வரியின் வாசகத்தில் ஒரு மனிதன் எப்படித் தோற்பான் என்பது எனக்குப் புரிகிறது.

பழைய கத்தி கைக்கு வந்தால் சாணை மெஷினில் மட்டும் கொடுக்காதீர்கள். சூடேறி நீலம் பாய்ந்தால் பதம் போய்விடும், பிறகு கூர் நிற்காது. மண்ணெண்ணெயில் இரண்டு நாள் ஊறவிட்டு, மெல்லிய உப்புத்தாளால் பொறுமையாகத் தேய்க்கவேண்டும். செல்லுலாய்டு கைப்பிடி கெட்டிருந்தால் கழற்றிவிடுங்கள். அதுவே இரும்பை அரிக்கும், தீயும் பிடிக்கும். கல்லில் தீட்டும்போது கத்தியின் முதுகும் விளிம்பும் சேர்ந்து படியவேண்டும். அப்போது சாய்வு தானாக அமைந்துவிடும். கடைசியில் தோல்வாரில் முதுகை முன்னால் விட்டு இழுக்கவேண்டும்.

அடிப்பகுதியில் பொறித்த எழுத்தை மட்டும் தேய்க்கவேண்டாம். பிரெஞ்சுக் கத்தியானால் ‘அசியே ஃபோந்து’, உருக்கி வார்த்த எஃகு, என்றிருக்கும். துருவுக்குள் அது தெரிகிறதா என்று முதலில் பூதக்கண்ணாடி வைத்துப் பாருங்கள்.