டாஷ்போர்டு இடைவெளியில் கொஞ்சம் வரலாறு

பழைய அம்பாசிடர் வைத்திருப்பவர்கள் எல்லோருக்கும் ஒரு தலைவலி பொது. டாஷ்போர்டைக் கழற்றி, பெயின்ட் அடித்து, திரும்ப மாட்டினால் உட்காராது. இடதுபக்கம் பொருந்தினால் வலதுபக்கம் விரல் நுழையும். கிளவ் பாக்ஸ் மூடி ஒரு மூலையில் தூக்கிக்கொண்டு நிற்கும். உடனே மெக்கானிக்கைத் திட்டுவோம். பாவம், அவர் மேல் மட்டும் தப்பில்லை. இது பழைய கதை.

முதலில் கொஞ்சம் வெளிநாட்டுக் கதை. 1908-இல் இங்கிலாந்தின் புரூக்லண்ட்ஸ் பந்தயத் திடலில், ராயல் ஆட்டோமொபைல் கிளப்காரர்கள் பார்த்துக்கொண்டிருக்க, மூன்று காடிலாக் கார்களை அக்கு அக்காகப் பிரித்தார்கள். பாகங்களைக் கலந்து, மறுபடி மூன்று கார்களாகப் பூட்டினார்கள். ஸ்பேனரும் ஸ்குரூடிரைவரும் மட்டும்தான். அரம் போட்டுத் தேய்க்கக் கூடாது. மூன்றும் 500 மைல் ஓடின! காடிலாக்குக்கு டெவார் கோப்பையும் கிடைத்தது. எந்தப் பாகமும் எந்தக் காருக்கும் பொருந்தும் என்பதை அன்றே நிரூபித்துவிட்டார்கள்.

இப்போது நம் ஊர். 1942-இல் தொடங்கிய ஹிந்துஸ்தான் மோட்டார்ஸ், 1948-இல் வங்காளத்தின் உத்தர்பாராவுக்கு இடம் மாறியது. இங்கிலாந்தின் மாரிஸ் ஆக்ஸ்போர்டு மூன்றாம் சீரிஸ்தான் 1950-களின் இறுதியில் இங்கே அம்பாசிடர் ஆனது. தகட்டை அழுத்தி வடிவம் தரும் டை, அடிக்க அடிக்கத் தேயும். தேய்ந்தால் விளிம்பு மாறும், ஓட்டை தள்ளிப் போகும்.

புது டை செய்திருக்கலாமே? அங்கேதான் காமர்ஸ் வருகிறது. பம்பாயில் பிரீமியர், சென்னை பக்கம் ஸ்டாண்டர்டு, உத்தர்பாராவில் இவர்கள். மூன்றே மூன்று கம்பெனி. இறக்குமதிக் கதவு அடைப்பு. வாங்குபவர்கள் வருடக்கணக்கில் வரிசையில் நின்றார்கள். 1969-இல் அரசு கார் விலைக்குச் சட்டப்படி கட்டுப்பாடு போட்டது. வழக்கு சுப்ரீம் கோர்ட் வரை போனது. 1975-இல்தான் கட்டுப்பாடு நீங்கியது. விலையை ஏற்ற முடியாது, விற்காமலும் போகாது. அப்புறம் புது டைக்கு என்ன அவசரம்?

ஆனால் செலவு மறைந்துவிடவில்லை. கம்பெனி கணக்கிலிருந்து வாங்கியவர் கணக்குக்கு மாறியது, அவ்வளவுதான்.

அந்தக் கணக்கு எங்கே தீர்ந்தது என்பதை நான் ஆரியசாலையில் பார்த்திருக்கிறேன். திருவனந்தபுரத்தில் 18-ஆம் நூற்றாண்டின் இறுதியில் திவான் ராஜா கேசவதாசர் உருவாக்கிய சாலைக் கம்போளத்தை ஒட்டிய பகுதி. தமிழ் வியாபாரிகள் நிறைய. புது அம்பாசிடர் வந்தால் முதல் ஓட்டம் கோயிலுக்கு, இரண்டாவது ஒர்க்‌ஷாப்புக்கு!

ஒர்க்‌ஷாப் ஆசான் எடுத்த எடுப்பில் டாஷ்போர்டில் கை வைக்க மாட்டார். முதலில் பேட்டரி ஒயரைக் கழற்றுவார். கதவு சரியாக அடைகிறதா என்று பார்ப்பார். பாடியே கோணியிருந்தால் டாஷ்போர்டைத் திருத்திப் பயனில்லை. பிறகு பின்னால் கைவிட்டு, ஒயர் கட்டோ ஸ்பீடோமீட்டர் கேபிளோ பேனலை முன்னே தள்ளுகிறதா என்று தடவுவார். பாதிக் கோளாறு அங்கேயே தீர்ந்துவிடும். எல்லா ஸ்குரூவையும் பாதி மட்டும் ஏற்றி, பேனலை ஆட்டி நேராக்கி, அப்புறம் மாற்றி மாற்றி இறுக்குவார். ஓட்டை நேரே வராவிட்டால் உருண்டை அரத்தால் நீளவாக்கில் தேய்ப்பார். இடைவெளிக்கு வாஷர். கிரீச் சத்தத்துக்குப் பழைய சைக்கிள் டியூப் துண்டு.

புரூக்லண்ட்ஸில் தடை செய்த அதே அரம்தான்!

1983-இல் மாருதி 800 வந்தது. காடிலாக் காட்டியதை நம் நடுத்தர வர்க்கம் 75 வருடம் கழித்துத் தொட்டுப் பார்த்தது. ஆசான்களின் அரத்துக்கு வேலை குறைந்தது. 2014 மே மாதம் உத்தர்பாராவில் அம்பாசிடர் உற்பத்தியும் நின்றது.

ஆகவே பழைய வண்டியைப் புதுப்பிக்கும் நண்பர்களுக்கு ஒரு வேண்டுகோள். ஒவ்வொரு அம்பாசிடரும் தனித்தனியாக ஒரு மனிதர் கையால் பொருத்தப்பட்டது. அதே வருடத்து இன்னொரு வண்டியின் பேனல் அப்படியே உட்காரும் என்று நம்பி ஒரிஜினலைப் பழைய இரும்புக்குப் போடாதீர்கள். உட்காரவில்லை என்று சுத்தியலையும் எடுக்காதீர்கள். கழற்றும் முன் எந்த ஸ்குரூவுக்குப் பின்னால் எத்தனை வாஷர் என்று எழுதி வையுங்கள், படமும் எடுங்கள். துருப்பிடித்த அந்த நாலு வாஷரும் யாரோ ஒரு ஆசான் அரை நாள் மெனக்கெட்டுப் போட்ட கணக்கு. அதைப் பார்த்தே மாட்டினால் பாதி வேலை முடிந்தது.