இருபது வயதில் மூன்று வாரம்

விண்ணும் உடம்பும் – 17

1963 மே மாதம் அமெரிக்க விண்வெளி வீரர் கார்டன் கூப்பர் 34 மணி நேரம் பூமியைச் சுற்றிவிட்டுப் பசிபிக் கடலில் வந்து இறங்கினார். மீட்புக் கப்பலின் தளத்தில் விண்கலத்தை விட்டு வெளியே வந்து நின்றதும் அவருக்குத் தலை சுற்றியது. ரத்த அழுத்தம் இறங்கியது, நாடித் துடிப்பு எகிறியது. கொஞ்ச நேரத்தில் தேறிவிட்டார் என்றாலும் மருத்துவர்களின் கவலை தீரவில்லை. ஒன்றரை நாளுக்கே இப்படியென்றால், நிலவுக்குப் போய்த் திரும்புகிறவன் என்ன ஆவான்?

அன்றைய மருத்துவமனைகளில் இதே கேள்வி வேறு உருவத்தில் இருந்தது. ஆனால் அதைக் கேள்வியாக நினைத்தவர்கள் குறைவு. மாரடைப்பு வந்தவரை வாரக்கணக்கில் படுக்கையிலேயே கிடத்தி வைப்பதுதான் வழக்கம். அடிபட்ட இதயத்துக்கு ஓய்வு வேண்டும், ஓய்வு என்றால் அசையாமல் கிடப்பது. 1952-லேயே பாஸ்டனில் சாமுவேல் லெவைனும் பெர்னார்ட் லவுனும் நோயாளிகளை முதல் வாரத்திலேயே கைவைத்த நாற்காலியில் உட்காரவைத்து, அவர்கள் நன்றாகத் தேறுவதைக் காட்டியிருந்தார்கள். அதற்குப் பிறகும் பெட் ரெஸ்ட்டின் மேல் இருந்த நம்பிக்கை எளிதில் அசையவில்லை.

1966-ல் டெக்சாஸ் மாநிலத்தின் டல்லஸ் நகரில் இதைச் சோதிக்கும் ஆய்வுக்காக ஐந்து இளைஞர்கள் படுக்கையில் படுத்தார்கள். எல்லோருக்கும் இருபது வயதை ஒட்டிய பிராயம், யாருக்கும் எந்த நோயும் இல்லை. இரண்டு பேர் உடற்பயிற்சி செய்து பழகியவர்கள், மூன்று பேர் பழகாதவர்கள். ஸ்வீடனிலிருந்து வந்திருந்த உடலியல் அறிஞர் பெங்ட் சால்ட்டின், அவர் நாட்டவரே ஆன குன்னர் ப்ளோம்க்விஸ்ட், டல்லஸின் ஜெரே மிட்செல் ஆகியோரின் குழு அவர்களை மூன்று வாரம் எழுந்து நிற்க விடவில்லை. அது முடிந்ததும் எட்டு வாரம் கடுமையான பயிற்சி கொடுத்தார்கள்.

ஓடும்போது உடம்பு ஒரு நிமிடத்தில் அதிகபட்சம் எவ்வளவு ஆக்சிஜனைப் பயன்படுத்துகிறது என்பதை அளந்தால், இதயத்தின் பலம் ஏறத்தாழத் தெரிந்துவிடும். படுக்கும் முன் அந்த ஐவரின் சராசரி 3.3 லிட்டர். மூன்று வாரம் கழித்து 2.4 லிட்டர்! கால்பங்குக்கும் மேல் போய்விட்டது. எக்ஸ்ரேயில் பார்த்தால் இதயத்தின் கன அளவே பத்தில் ஒரு பங்குக்கு மேல் சுருங்கியிருந்தது. நல்ல இதயம், இருபது வயது, மூன்றே வாரம். அடிபட்ட இதயத்தோடு வாரக்கணக்கில் கிடத்தப்பட்ட அறுபது வயதுக்காரரின் கதி என்னவாக இருந்திருக்கும் என்று யோசித்தால் நெஞ்சு பதறுகிறது. பயிற்சிக்குப் பிறகு ஐவருமே நல்ல முன்னேற்றம் கண்டார்கள். முன்பு பழக்கமில்லாத மூவர், தாங்கள் தொடங்கிய இடத்தையே வெகுவாகத் தாண்டினார்கள்.

1968-ல் ஆய்வு வெளிவந்தது. மாரடைப்பு நோயாளியைச் சீக்கிரம் எழுப்பி நடக்கவைக்கும் இன்றைய முறைக்கு வழிவிட்ட ஆய்வுகளில் இதற்கு முக்கிய இடம் உண்டு.

டல்லஸ்காரர்கள் அத்தோடு நிற்கவில்லை. நின்றபடி ரத்தத்தை மேலே தள்ளும் வேலை இல்லாததால், படுத்தபடியே இருப்பது விண்வெளியில் இருப்பதற்கு ஏறத்தாழ ஒப்பானது என்றால், உண்மையான விண்வெளியில் இதயத்துக்குள் என்ன நடக்கிறது? எடையற்ற நிலையில் கால் பக்கத்து ரத்தமும் நீரும் மேலே ஏறும், முகம் உப்பும் என்பது தெரிந்த விஷயம். ஆகவே இதயத்துக்குத் திரும்பும் பெரிய சிரைகளில் அழுத்தம் கூடும் என்றே எல்லோரும் எதிர்பார்த்தார்கள். உறுதியாகச் சொல்ல வேண்டுமானால் உள்ளே அளக்க வேண்டும். யாரை அளப்பது?

ட்ரூ காஃப்னி தானே முன்வந்தார். அவர் டல்லஸின் இதயநோய் மருத்துவர். 1991 ஜூன் 5 அன்று கொலம்பியா விண்வெளி ஓடம் கிளம்பியபோது, அவருடைய கைச் சிரை வழியாகச் செலுத்திய ஒரு மெல்லிய கதீட்டர் குழாயின் நுனி இதயத்தின் வாசலருகே இருந்தது. அந்த உடம்போடு விண்வெளி உடையை மாட்டி, ஓடத்துக்குள் ஏறி, கால்களை உயர்த்தி மல்லாந்து, ராக்கெட்டின் அதிர்வையும் அழுத்தத்தையும் தாங்கினார். தன் துறையின் கேள்விக்குத் தன் இதயத்தையே கொடுத்த அந்த மனிதர்மேல் எனக்கு அளவற்ற மரியாதை.

விடை எதிர்பார்த்ததற்கு நேர்மாறாக வந்தது. காஃப்னியையும், 1993-ல் இன்னொரு விண்வெளிப் பயணத்தில் அளக்கப்பட்ட மேலும் இருவரையும் சேர்த்துப் பார்த்தால், பூமியில் உட்கார்ந்திருக்கும்போது சிரை அழுத்தம் சராசரியாக 8.4 சென்டிமீட்டர் நீர்மட்டம். ஏவுதளத்தில் காலைத் தூக்கிப் படுத்திருக்கையில் 15. எடையற்ற நிலைக்குப் போன பத்து நிமிடத்தில் வெறும் 2.5. அழுத்தம் விழுந்துவிட்டது. ஆனால் ஒலியலையால் இதயத்தைப் படமெடுக்கும் எக்கோவில் பார்த்தால் இதயமோ முன்பைவிட அதிகமாக நிரம்பியிருந்தது. அழுத்தம் குறையும்போது இதயம் எப்படி விரியும்? நெஞ்சுக்கூடு தன் எடையை இழந்து விரிகிறது, அதனால் இதயத்தைச் சுற்றிலும் வெளியிலிருந்து அமுக்கும் அழுத்தமும் இறங்குகிறது, உள்ளே குறைந்த அழுத்தமே போதும் இதயம் நிரம்ப என்பதுதான் விளக்கம். பூமியில் நாம் ஒருபோதும் கவனிக்காத ஒரு சுமையை, அது இல்லாத இடத்தில் கண்டுபிடித்தார்கள். இந்த முடிவுகளை எழுதிய குழுவின் முதல் ஆசிரியர் ஜே பக்கி. அவரும் 1998-ல் விண்வெளிக்குப் போனார்.

முதல் நாட்களில் அப்படி நிரம்பிய இதயம் நாளாவட்டத்தில் இளைக்கிறது. உடம்பு மிகையான நீரை வெளியேற்றிவிடும். நின்றபடி ரத்தத்தை மேலே தள்ளும் வேலையும் இல்லை. இந்தப் பகுதியைத் தொடர்ந்து தோண்டியவர் டல்லஸில் பெஞ்சமின் லெவைன் (பாஸ்டனின் சாமுவேல் லெவைன் வேறு). அமெரிக்க விண்வெளி வீரர் ஸ்காட் கெல்லி 340 நாள் விண்வெளி நிலையத்தில் இருந்தார், வாரத்தில் ஆறு நாள் பயிற்சி செய்தார். அப்படியும் அவருடைய இடது கீழறையின் எடை 190 கிராமிலிருந்து 139 கிராமாகக் குறைந்தது. பெனுவா லெகோம்ட் 2018-ல் பசிபிக்கில் 159 நாள் தினமும் மணிக்கணக்கில் நீந்தியவர். தண்ணீரில் கிடைநிலையில் மிதந்ததால் அவர் இதயமும் அதேபோல் எடை குறைந்தது. இருவர் இதயமும் நன்றாகவே வேலை செய்தது என்பதையும் சொல்லிவிட வேண்டும். இளைத்தது நோயால் அல்ல, சுமை போனதால்.

விண்வெளிக்குப் போகாமலே, எழுந்து நின்றாலே நெஞ்சு படபடத்துத் தலை சுற்றும் ஒரு கோளாறு உண்டு. பெரும்பாலும் இளம்பெண்களுக்கு வருவது. ‘மனசுதான் காரணம்’ என்று பல வருடம் தட்டிக்கழிக்கப்பட்டவர்கள் அவர்கள். அவர்களில் பலருக்கு இதயம் சிறியது என்று லெவைன் குழு கண்டது. அவர்களை விண்வெளியிலிருந்து திரும்பியவர்களைப் போலவே நடத்தினார்கள். நிற்கச் சொல்லாமல், உட்கார்ந்தபடி துடுப்பு வலிக்கும் இயந்திரத்தில் தொடங்கி மெல்ல மெல்ல நிமிர்த்தினார்கள். பயிற்சியை முடித்தவர்களில் ஏறக்குறைய பாதிப் பேருக்கு அந்தக் கோளாறின் அளவுகோலே பொருந்தாமல் போனது.

மறுபடியும் டல்லஸில் படுத்த அந்த ஐவர். 1996-ல், ஐம்பது வயதில், ஐவரையும் திரும்ப அழைத்து அளந்தார்கள். சராசரி உடல் எடை 77 கிலோவிலிருந்து 100 கிலோவாகியிருந்தது. ஆனாலும் 30 வருட முதுமை அவர்கள் திறனில் எடுத்தது, இருபது வயதில் மூன்று வாரப் படுக்கை எடுத்ததைவிடக் குறைவு. ஆறு மாதப் பயிற்சியில் பழைய அளவைப் பிடித்தார்கள். இன்னும் பத்து வருடம் கழித்து அளந்தபோதுதான் முதுமை அந்த மூன்று வாரங்களுக்குச் சமமாக வந்து நின்றது. ஐந்தே பேரை வைத்து 40 வருடம் விடாமல் கேள்வி கேட்ட பொறுமைக்கு மருத்துவ வரலாற்றில் இணை அபூர்வம்.

2018-ல் லெவைன் குழு வெளியிட்ட ஆய்வில், உட்கார்ந்தே வாழ்ந்த 45 முதல் 64 வயதுக்காரர்கள் இரண்டு வருடம், வாரத்துக்கு நான்கைந்து நாள் பயிற்சி செய்தார்கள். இறுகத் தொடங்கியிருந்த இதயத் தசை மறுபடி நெகிழ்ந்தது. வேறோர் ஆய்வில், 65 வயதைத் தாண்டியபின் பயிற்சியைத் தொடங்கியவர்களுக்கு, ஒரு வருடம் உழைத்தும், அந்த நெகிழ்ச்சி திரும்பவில்லை.

(தொடரும்)