தாவுப்போ ஏரியில் டிரவுட் மீன்பிடிப்பு

தாவுப்போ ஏரியில் டிரவுட் மீன்பிடிப்பு என்பது நியூசிலாந்தின் வடக்குத் தீவில் உள்ள தாவுப்போ ஏரியிலும் அதன் ஆற்று வாய்களிலும் தூண்டில் கொண்டு டிரவுட் மீன்களைப் பிடிப்பதைக் குறிக்கும். ஏறத்தாழ 616 ச.கிமீ பரப்பும் 186 மீ வரை ஆழமும் கொண்ட இவ்வேரி, பரப்பளவில் நியூசிலாந்தின் மிகப் பெரிய ஏரியாகும். இங்கு வானவில் டிரவுட் மிகுதியாகவும், பழுப்பு டிரவுட் குறைந்த அளவிலும் காணப்படுகின்றன. இத்தகைய பெரிய ஏரியில் மீன்கள் எல்லா இடங்களிலும் சமமாகப் பரவி இருப்பதில்லை. ஆகவே மீன் இருக்கும் ஆழத்தையும் அதன் இரையையும் அறிந்து தூண்டில் இடுவதே கூடுதலான மீன்களைப் பெறுவதற்கு அடிப்படையாகும்.

வரலாறு

டிரவுட் நியூசிலாந்துக்குரிய மீன் அன்று. பழுப்பு டிரவுட் 1880களிலும், கலிபோர்னியாவில் இருந்து வந்த வழித்தோன்றலான வானவில் டிரவுட் 19 ஆம் நூற்றாண்டின் இறுதியை ஒட்டியும் இவ்வேரியில் விடப்பட்டன. அவை மாவோரி மக்களின் உணவாக இருந்த கோஆரோ என்னும் சிறு மீனைத் தின்று விரைவாகப் பெருத்தன. கோஆரோ அருகியபோது டிரவுட்டுகள் இரையின்றி மெலிந்தன. இதனால் 1910களில் வலைவீசி டிரவுட்டுகளின் எண்ணிக்கை குறைக்கப்பட்டது. 1930களில் ஸ்மெல்ட் என்னும் சிறு மீன் இரையாகக் கொண்டுவந்து விடப்பட்டது. இன்றும் டிரவுட்டின் முதன்மை உணவு இதுவே.

ஏரியின் படுகை 1926 ஆம் ஆண்டுச் சட்டத்தின் மூலம் அரசின் உடைமையானது. மீன்பிடி உரிமக் கட்டணத்தில் ஒரு பங்கு நாட்டி தூஃபாரெட்டோவா இனக்குழுவுக்கு வழங்க ஒப்புக்கொள்ளப்பட்டது. 1992 இல் ஏரிப் படுகையின் உரிமை அவ்வினக்குழுவுக்கே மீள அளிக்கப்பட்டது.

மீன்கள் இருக்கும் ஆழம்

டிரவுட் குளிர்நீர் மீனாகும். கோடையில் ஏரியின் மேல்நீர் ஏறத்தாழ 20 °செ வரை சூடாகிறது. ஆழ்நீர் ஆண்டு முழுவதும் 11 °செ அளவிலேயே இருக்கும். இவ்விரண்டுக்கும் இடையே வெப்பநிலை திடீரெனக் குறையும் ஓர் அடுக்கு உருவாகிறது. கோடைப் பகலில் மீன்கள் பெரும்பாலும் இவ்வடுக்கை ஒட்டியே திரியும். குளிர்காலத்தில் நீர் முழுவதும் கலந்துவிடுவதால் மேற்பரப்பு அருகிலும் மீன்களைக் காணலாம்.

வசந்தகாலம் முதல் கோடைகாலம் வரை ஸ்மெல்ட் மணற்பாங்கான ஆழமற்ற கரைகளில் முட்டையிடும். அவற்றைத் தேடி டிரவுட்டுகள் விடியற்காலையில் கரையை அண்டி வருகின்றன. கோடையின் பிற்பகுதியில் சிள்வண்டுகள் நீரில் விழும் பாறைக் கரைகளில் மேற்பரப்பிலேயே இரை எடுக்கின்றன. பழுப்பு டிரவுட் அடிநிலத்தில் வாழும் நன்னீர் இறால் வகைகளையும் தின்னும்.

முறைகள்

படகில் இழுத்தல்

ஓடும் படகின் பின்னால் போலி இரையை இழுத்துச் செல்வதே பரவலான முறை. இதில் ஆழமே முக்கியமானது.

* விடியற்காலையில் ஸ்மெல்ட் போன்ற இறகு ஈயை, அமிழும் நூலில் கட்டி மிக மெதுவாகக் கரையோரமாக இழுக்கலாம். வெயில் ஏறியபின் இம்முறையின் பலன் குறையும்.
* ஈயக்கம்பி உள்ளிட்ட நூலை 100 கஜம் விட்டாலும் இரை சுமார் 10 முதல் 15 மீ ஆழமே இறங்கும். வேகம் கூடினால் நூல் மேலெழும்.
* அதற்கும் கீழே செல்ல, கம்பி வடத்தில் தொங்கும் எடைக்குண்டுடன் நூலைக் கவ்வியில் மாட்டி இறக்குவர். மீன் கவ்வியதும் நூல் விடுபடும். ஓட்டத்தில் வடம் பின்னோக்கிச் சாய்வதால், விட்ட வடத்தின் நீளத்தை விடக் குண்டு இருக்கும் ஆழம் குறைவாகவே இருக்கும்.

டிரவுட் மேல்நோக்கிப் பார்த்தே இரை எடுப்பது வழக்கம். ஆகையால் எதிரொலிமானி காட்டும் மீன் மட்டத்துக்குச் சற்று மேலே இரையை நிறுத்துவது நல்லது. கீழே செல்லும் இரை பெரும்பாலும் கவனிக்கப்படுவதில்லை. படகு திரும்பும்போது உள்வளைவில் உள்ள நூல் வேகம் குறைந்து தாழும், வெளிவளைவில் உள்ளது வேகம் கூடி உயரும். திருப்பத்தில் மீன் அகப்பட்டால், எப்பக்கத்து நூலில் அகப்பட்டது என்பதைக் கொண்டு வேகத்தைக் குறைக்கவோ கூட்டவோ செய்யலாம்.

செங்குத்தாக ஆட்டுதல்

மீன் கூட்டத்தின் மேல் படகை நிறுத்தியோ மிதக்கவிட்டோ, சிறிய போலி இரைகளைக் கட்டிய நூலை நேர்கீழாக இறக்கி, கோலை மெல்ல உயர்த்தித் தாழ்த்துவது இம்முறை. இரை தாழும்போதே மீன் அதிகம் கவ்வுவதால், அவ்வேளையில் நூலைத் தளர விடக்கூடாது. நூலில் அளவுக் குறியிட்டால் ஒரு மீன் அகப்பட்ட ஆழத்துக்கே மீண்டும் இறக்கலாம். காற்று பலமாக வீசினால் நூல் சாய்ந்துவிடும். அப்போது இம்முறை பயன்படாது.

ஆற்று வாய்களில்

தொங்காரிரோ, வைட்டஹானுயி முதலிய ஆறுகள் ஏரியில் கலக்கும் இடங்களில் தூண்டிலாளர் நீரில் நின்று ஈ வீசுவர். வைட்டஹானுயி வாயில் தோளோடு தோள் நிற்கும் தூண்டிலாளர் வரிசை வேலிக்கு ஒப்பிடப்படுகிறது. கோடையில் குளிர்ந்த ஆற்றுநீர் சூடான ஏரிநீரின் அடியில் புகுந்து செல்கிறது. மீன்களும் அதனைத் தொடர்ந்து, நிலம் சட்டென ஆழமாகும் விளிம்பில் காத்திருக்கும். ஆகவே அமிழும் நூலை விளிம்புக்கு அப்பால் வீசி, அமிழ நேரம் கொடுத்து, மெல்ல இழுக்க வேண்டும். விளிம்பு வரை நடந்து செல்வது மீன்களைக் கலைப்பதோடு ஆபத்தானதும் ஆகும். இரவில் கரிய ஈக்களும் ஒளிரும் ஈக்களும் பயன்படுகின்றன.

விதிமுறைகள்

தாவுப்போ மீன்பிடி மாவட்டத்துக்குத் தனி உரிமம் தேவை; நாட்டின் பிற பகுதிகளுக்கான உரிமம் இங்கு செல்லாது. உயிர் இரை அனுமதிக்கப்படுவதில்லை. ஆற்று வாய்களை ஒட்டிய குறித்த எல்லைக்குள் ஈ மட்டுமே பயன்படுத்தலாம். ஒரு நாளில் கொள்ளக்கூடிய மீன்களின் எண்ணிக்கையும் குறைந்தபட்ச நீளமும் மாற்றப்படுவதால், செல்லுமுன் நடப்பு விதிகளைப் பார்த்தல் வேண்டும். நியூசிலாந்தில் டிரவுட் மீனை விற்பது குற்றமாகும். பிடித்தவர் உண்ணலாம் அல்லது பிறருக்கு அளிக்கலாம்.

பாதுகாப்பும் மீன்வளமும்

ஏரி பரந்து கிடப்பதால் காற்று எழும்போது குறுகிய நேரத்தில் பேரலைகள் உண்டாகின்றன. நீரும் குளிர்ந்தது. ஆகவே உயிர்காப்பு அங்கி அணிதல், வானிலை அறிவிப்பைக் கேட்டுப் புறப்படுதல் ஆகியன இன்றியமையாதவை.

இங்குள்ள மீன்வளம் குளிர்காலத்தில் ஆறேறி இயற்கையாக இனம்பெருக்கும் மீன்களையே நம்பியுள்ளது. விடுவிக்கும் மீனை ஈரக்கையால் பிடித்து, நீருக்குள்ளேயே முள்ளை அகற்றுதல் வேண்டும். ஆழத்திலிருந்து இழுக்கப்பட்டுக் களைத்த மீன் சூடான மேல்நீரில் விடப்பட்டால் பிழைப்பது அரிது. எனவே கோடையில் ஆழத்தில் பிடிப்போர், உணவுக்குத் தேவையானவை கிடைத்ததும் நிறுத்திக்கொள்வது மீன்வளத்துக்கு உகந்தது. 2023 இல் ஏரியிலிருந்து வெளியேறும் வைக்காட்டோ ஆற்றின் கீழ்ப்பகுதியில் அயல் மட்டி இனம் ஒன்று கண்டறியப்பட்டதால், படகையும் கருவிகளையும் கழுவி உலர்த்திய பின்னரே வேறு நீர்நிலையில் இறக்குதல் வேண்டும்.

இவற்றையும் பார்க்கவும்

* வானவில் டிரவுட்
* தொங்காரிரோ ஆறு
* தூண்டில்