அட்டையில் தொடங்கிய நகல்: சர்வர் ஃபர்ம்வேரும் அமைப்புகளும் காக்கப்பட்ட வரலாறு

சர்வர் ஒன்றின் மதர்போர்டு பழுதாகிப் புதியது பொருத்தப்படுகிறது. வட்டுகளில் உள்ள தரவு பத்திரமாக இருக்கிறது. ஆனாலும் இயந்திரம் பழையபடி எழுவதில்லை. எந்த வட்டிலிருந்து தொடங்குவது, எந்த வசதியை இயக்குவது, எதை அணைப்பது என்று நிர்வாகி செய்துவைத்த தேர்வுகள் பழைய போர்டோடு போய்விட்டன.

இங்கே காக்க வேண்டியவை இரண்டு. ஒன்று ஃபர்ம்வேர், அதாவது வன்பொருளுக்குள்ளேயே பதிந்து அதை இயக்கும் நிரல்; இது ஒரே மாடலைச் சேர்ந்த இயந்திரங்களுக்கெல்லாம் பொதுவானது, தொலைந்தால் தயாரிப்பாளரிடம் பெறலாம். மற்றொன்று அமைப்புகள், அந்த ஒரு இயந்திரத்துக்கே உரியவை, உரிமையாளரைத் தவிர வேறு யாரிடமும் நகல் இராது. இவ்விரண்டின் நகலும் எங்கே வைக்கப்பட்டது என்பதைப் பின்தொடர்ந்தால், ஒவ்வொரு காலமும் எதற்கு அஞ்சியது என்பது தெரியவருகிறது.

அட்டையும் நெகிழ்வட்டும்

‘ஃபர்ம்வேர்’ என்ற சொல்லை 1967 ஜனவரியில் ‘டேட்டாமேஷன்’ இதழில் ஆஷர் ஓப்ளர் அறிமுகப்படுத்தினார். பொருளோ சொல்லுக்கு முந்தியது. 1964இல் ஐபிஎம் அறிவித்த சிஸ்டம்/360 வரிசையின் மாடல் 30, செயலியின் உள்வேலையை நடத்தும் தன் நுண்நிரலைத் துளையிட்ட மைலார் அட்டைகளில் வைத்திருந்தது. அவை வழக்கமான பஞ்ச் அட்டையின் அளவே. நிரலில் திருத்தம் என்றால் பொறியாளர் அட்டையை மாற்றுவார். அட்டையே நிரல், அட்டையே நகல். மின்சாரம் போனாலும் அழியாது.

சிஸ்டம்/370 இந்த நிம்மதியைக் கலைத்தது. 1970இல் வந்த அதன் மாடல் 145, நுண்நிரலைக் குறைக்கடத்தி நினைவகத்தில் வைத்தது. மின்சாரம் நின்றால் நிரலும் போகும்; திரும்ப இயக்கும்போது வெளியிலிருந்து ஏற்றியாக வேண்டும். அந்தத் தேவையிலிருந்து பிறந்ததுதான் 8 அங்குல நெகிழ்வட்டு. 1971இல் வந்த முதல் வடிவம் படிக்க மட்டுமே உதவியது. கொள்ளளவு சுமார் 80 கிலோபைட். பிற்காலத்தில் கடிதங்களையும் கணக்குகளையும் சுமந்த பிளாப்பி, ஃபர்ம்வேரை மீட்டு ஏற்றும் கருவியாகவே உலகுக்கு வந்தது.

பேட்டரி தாங்கிய 50 பைட்டுகள்

அமைப்புகளின் கதை வேறு வழியில் சென்றது. 1981இன் ஐபிஎம் பிசியில் அவை சிறு சுவிட்சுகளாக இருந்தன. விரலால் தள்ளிய நிலை அப்படியே நிற்கும். 1984இல் வந்த பிசி/ஏடி அவற்றை மோட்டோரோலாவின் கடிகாரச் சில்லுக்குள் கொண்டுபோனது. சில்லில் இருந்தது 64 பைட் நினைவகம். கடிகாரத்துக்கு 14 போக, மீதி 50. பேட்டரி தீர்ந்தால் அனைத்தும் மறையும். திரையில் 161 என்ற பிழை எண் தோன்றும். அமைப்புகளுள் ஒன்றான வன்தட்டு வகை எண்ணைத் தாளில் குறித்து வைத்தவர்கள் தப்பித்தார்கள்.

இதற்கு முறையான விடை 1987இல் பிஎஸ்/2 கணினிகளோடு வந்தது. அவற்றின் ‘ரெஃபரன்ஸ்’ நெகிழ்வட்டின் பட்டியலில், அமைப்புகளைப் பார்க்கவும் மாற்றவும் உதவும் தெரிவுகளோடு, அவற்றைச் சேமிக்க ஒன்றும் மீட்க ஒன்றும் இருந்தன. பேட்டரியை மாற்றிவிட்டு, நெகிழ்வட்டிலிருந்து பழைய நிலையைத் திரும்ப எழுதலாம். இன்றைய சர்வர் கருவிகள் செய்யும் வேலையின் முழு வடிவமும் அங்கேயே இருக்கிறது.

அழிக்கத் தெரிந்த வைரஸ்

1984இல் தோஷிபாவின் ஃபுஜியோ மசுவோகா ஃபிளாஷ் நினைவகத்தை அறிவித்தார். 1988இல் இன்டெல் அதைச் சந்தைக்குக் கொண்டுவந்தது. கணினியை எழுப்பும் ஃபர்ம்வேரான பயாஸ் அதில் குடியேறிய பிறகு, சில்லைக் கழற்றாமலே புதுப்பிக்க முடிந்தது. கழற்றாமலே அழிக்கவும் முடிந்தது.

1999 ஏப்ரல் 26 அதைக் காட்டியது. தைவான் மாணவர் சென் இங்-ஹாவ் முந்தைய ஆண்டு எழுதிய சிஐஎச் வைரஸ் அன்று விழித்து, வன்தட்டின் தொடக்கப் பகுதியை அழித்தது. சில மதர்போர்டுகளில் பயாஸையும் சிதைத்தது. அப்படிச் சிதைந்த கணினியில் மீட்பு வட்டைப் படிக்கும் நிரல்கூட மிஞ்சவில்லை. சில்லையே மாற்ற வேண்டியிருந்தது. ஒரே போர்டில் இரண்டு பயாஸ் சில்லுகளை வைக்கும் முறை இந்த அச்சத்துக்குப் பொருத்தமான விடை: முதலாவது கெட்டால் இரண்டாவது எழுப்பும்.

சர்வருக்குள் இன்னொரு கணினி

இதற்கிடையே 1998இல் இன்டெல், டெல், எச்பி, என்இசி நிறுவனங்கள் ஐபிஎம்ஐ என்ற தர வரையறையை வெளியிட்டன. சர்வர் அணைந்திருந்தாலும் விழித்திருக்கும் மேலாண்மைச் சில்லு ஒன்று அதன் மையம். நிர்வாகி இனி இயந்திரத்தின் முன்னால் நிற்க வேண்டியதில்லை. எச்பியின் ‘கான்ரெப்’ கருவி பயாஸ் அமைப்புகளை எக்ஸ்எம்எல் கோப்பாக எடுத்தது. அதே கோப்பை நூறு சர்வர்களில் ஏற்றவும் முடிந்தது. நகல் என்பது வார்ப்பு அச்சாகவும் ஆனது. 2015இல் டிஎம்டிஎஃப் என்ற தொழில்துறைக் கூட்டமைப்பு வெளியிட்ட ரெட்ஃபிஷ் தர வரையறை, எல்லா நிறுவனங்களின் சர்வர்களும் பேசக்கூடிய பொதுமொழியை இவ்வகை மேலாண்மைக்கு அமைத்தது.

டெல் 2014இல் 13ஆம் தலைமுறை சர்வர்களில் வேறொரு வழியைச் சேர்த்தது. சேவை எண், உரிமங்கள், பயாஸ் அமைப்புகள் ஆகியவை தனி ஃபிளாஷ் சில்லில் தாமாகவே பதிவாகும். போர்டு மாறினால், ‘பழையதை மீட்கவா?’ என்று சர்வரே கேட்கும். 2017இல் எச்பிஇ நிறுவனத்தின் ஐஎல்ஓ 5 மேலாண்மைச் சில்லு, மீட்புக்கான ஃபர்ம்வேர் தொகுப்பைத் தனக்குள்ளேயே வைத்துக்கொண்டது.

அமெரிக்கத் தர நிறுவனமான நிஸ்ட் 2018 மே மாதம் வெளியிட்ட 800-193 வழிகாட்டி, பாதுகாத்தல், கண்டறிதல், மீட்டல் என மூன்று கடமைகளை வகுத்தது. ஃபர்ம்வேர் நிரலோடு, அது நம்பி இயங்கும் முக்கியத் தரவையும், அதாவது அமைப்புகளையும், அதே வரம்புக்குள் கொண்டுவந்தது. தனித்தனியாக வளர்ந்த இரு கிளைகளும் ஒரே ஆவணத்தில் சேர்ந்தன.

ஆயினும் நகலுக்குள் வராதவை உண்டு. டெல்லின் அமைப்புக் கோப்பில் கடவுச்சொற்கள் இயல்பாக நட்சத்திரக் குறிகளாகவே வரும். டிபிஎம் என்ற பாதுகாப்புச் சில்லில் பூட்டிய குறியாக்கச் சாவிகளோ வெளியே வரக்கூடாது என்பதற்காகவே அங்கு வைக்கப்பட்டவை. போர்டோடு அந்தச் சில்லும் மாறினால், வட்டைக் குறியாக்கும் பிட்லாக்கர் பூட்டிய விண்டோஸ் சர்வர் 48 இலக்க மீட்பு எண்ணைக் கேட்கும். 1984இல் வன்தட்டு வகை எண்ணைத் தாளில் குறித்தவரைப் போலவே, இன்றைய நிர்வாகியும் அந்த எண்ணை இயந்திரத்துக்கு வெளியே எங்கோ எழுதி வைத்திருக்க வேண்டும்.