மணி சொல்லும் வரலாறு



வரலாறு என்றவுடன் நம் நினைவுக்கு வருவன கோட்டைகள், கல்வெட்டுகள், செப்பேடுகள், போர்க்களங்கள். இன்று நான் பேச எடுத்துக்கொண்ட பொருளோ மிகச் சிறியது. கடுகினும் சற்றுப் பெரிதாய், நடுவே துளை ஒன்று கொண்டதாய், நூலில் கோக்கப்படும் மணியே அது. கைவேலை வகுப்பில் மாலையும் காதணியும் செய்யும் மாணவியர், கடைத்தெருவில் சம்கியும் ஜரிகையும் பாசியும் தேடி அலைவதைப் பலரும் கண்டிருப்பீர்கள். பிறரிடம் இல்லாத மணி ஒன்று தமக்குக் கிடைக்க வேண்டும் என்பது அவர்கள் ஆசை. அந்த ஆசை நேற்றுப் பிறந்ததன்று. ஈராயிரம் ஆண்டுகளுக்கு முன்பே அது கடல் கடந்து கப்பல்களைச் செலுத்தியது. நம் நாட்டு ஊர்கள் சிலவற்றின் பெயரை உலகறியச் செய்தது.

முதலில் கல்மணியைப் பார்ப்போம். ஈரோடு மாவட்டத்தில், நொய்யல் ஆற்றின் வடகரையில் கொடுமணல் என்ற சிற்றூர் உள்ளது. பதிற்றுப்பத்து என்னும் சங்க நூல், அரிய அணிகலன்களோடு சேர்த்துக் கொடுமணம் என்ற ஊரைக் குறிப்பிடுகிறது. அந்தக் கொடுமணமே இந்தக் கொடுமணல் என்று அறிஞர் கொள்வர். 1985-ஆம் ஆண்டு முதல் அங்கே நிகழ்ந்த அகழாய்வுகள் அக்கருத்துக்கு வலுவூட்டின. பளிங்கு, பெரில் என்னும் பசுமை கலந்த மணிக்கல், நீலக்கல், அகேட், சூதுபவளம் ஆகியவற்றால் ஆன மணிகள் அங்கே கிடைத்தன. முடிந்த மணிகள் மட்டும் கிடைத்திருந்தால், அவை வேற்றூரிலிருந்து வாங்கப்பட்டவை என்று சொல்லிவிடலாம். ஆனால் உடைத்த கற்சில்லுகளும், பாதி இழைத்த மணிகளும், துளையிடும்போது பிளந்து எறியப்பட்டவையும் உடன் கிடைத்தன. ஆகவே அவ்வூர் ஒரு தொழிற்கூடம் என்பதில் ஐயமில்லை. பெரில் கல் கிடைக்கும் படியூர் அதற்கு அண்மையில்தான் இருக்கிறது. சூதுபவளமோ கொங்கு நாட்டுக் கல்லன்று. அது குசராத்து, தக்காணம் போன்ற வடபுலங்களிலிருந்து வந்திருக்க வேண்டும். அக்கல்லால் ஆன மணிகள் 2,000-க்கும் மேற்பட்டவை ஒரே ஈமக்குழியில் கிடைத்தன எனின், அன்றைய வணிகத்தின் வீச்சை நீங்களே எண்ணிப் பாருங்கள்.

ஒரு கல்லை மணியாக்குவது எளிய செயலன்று. சூதுபவளக் கல்லை முதலில் வெயிலில் உலர்த்திப் பின்னர் மட்பாண்டத்தில் இட்டு மெல்ல வாட்டுவர். கல்லில் உள்ள இரும்புச்சத்து அவ்வெப்பத்தால் மாறுதல் அடைந்து செந்நிறம் கொள்ளும். பிறகு கல்லைச் சில்லுச் சில்லாகத் தட்டி உருவாக்கி, உரைகல்லில் தேய்த்து, மெருகிடுவர். துளையிடுவதே கடினமான வேலை. ஒரு முனையிலிருந்து பாதித் தொலைவும், மறு முனையிலிருந்து மீதித் தொலைவும் துளைத்துச் செல்வர். இரண்டு துளைகளும் நடுவில் சந்திக்க வேண்டும். சற்றே பிசகினால், பல நாள் உழைப்பு இரு துண்டாகிவிடும். குசராத்து மாநிலத்துக் கம்பாத் நகரில் இத்தொழில் நம் காலம் வரை வழிவழியாக நடந்து வந்துள்ளது. அங்குள்ள தொழிலாளர், வைரத் துணுக்குகள் பதித்த துளைக்கோலை வில்லால் சுழற்றித் துளையிட்ட முறையை ஆய்வாளர்கள் நேரில் கண்டு எழுதியிருக்கின்றனர்.

இத்தகைய மணிக்கற்களுக்கு உரோமாபுரியில் பெருமதிப்பு இருந்தது. கி.பி. 79-இல் வெசூவியஸ் எரிமலை வெடித்தபோது உயிர்நீத்த பிளினி என்னும் அறிஞர், தமது இயற்கை வரலாறு என்ற பெருநூலில் இந்தியப் பெரில் கற்களைச் சிறப்பித்துக் கூறுகிறார். அத்துடன் நில்லாமல், பளிங்குக்குச் சாயம் ஏற்றி மணிக்கற்களைப் போலவே போலிகளைச் செய்யும் வித்தையையும் இந்தியர் அறிவர் என்று குறிப்பிடுகிறார். அது புகழ்ச்சியோ குறையோ, எப்படிக் கொண்டாலும் சரி. கல்லின் தன்மையையும் நிறத்தின் தன்மையையும் நுணுகி அறிந்தவர் கைவேலை அது என்பது மட்டும் தெளிவு.

இனிக் கண்ணாடி மணிக்கு வருவோம். இதற்கு நாம் புதுச்சேரிக்கு அருகே, அரியாங்குப்பம் ஆற்றங்கரையில் உள்ள அரிக்கமேட்டுக்குச் செல்ல வேண்டும். மழை பெய்து ஓய்ந்ததும் அந்த மேட்டின் சரிவுகளில் வண்ண மணிகள் மின்னும். ஊர்ச் சிறுவர் அவற்றைப் பொறுக்கி விளையாடினர். இருபதாம் நூற்றாண்டின் முற்பகுதியில், புதுச்சேரியில் வாழ்ந்த ழுவோ துப்ரேல் என்னும் பிரெஞ்சுப் பேராசிரியர் அம்மணிகளின்மீது கருத்தைச் செலுத்தினார். 1945-இல் மார்ட்டிமர் வீலர் அங்கே முறையாக அகழ்ந்தார். இத்தாலி நாட்டு அரெட்டைன் மட்கலங்களின் துண்டுகள் அவர் கண்ணில் பட்டன. அவற்றின் காலம் ஐரோப்பாவில் முன்பே திட்டமாக அறியப்பட்டிருந்தமையால், அவற்றோடு சேர்ந்து கிடந்த தென்னாட்டு மட்கலங்களுக்கும் காலம் வகுக்க முடிந்தது. இந்த இடத்தை நன்கு மனத்திற் கொள்ளுங்கள். ஒரு பொருள் எதனோடு சேர்ந்து, எந்த மண்ணடுக்கில் கிடந்தது என்பதே அதன் காலத்தைச் சொல்லுகிறது. பின்னர் 1947 முதல் 1950 வரை கசால் அவர்களும், 1989 முதல் 1992 வரை விமலா பெக்லி அம்மையார் குழுவினரும் அங்கே ஆய்வு செய்தனர்.

அரிக்கமேட்டு மணிகளுள் பெரும்பாலானவை மிகச் சிறியவை. செங்கற் சிவப்பு, மஞ்சள், பச்சை, நீலம், கறுப்பு என ஒவ்வொன்றும் ஒரே நிறம் உடையவை. இவ்வகை மணிக்கு 'இந்தோ-பசிபிக் மணி' என்ற பெயரை வழங்கியவர் அமெரிக்க ஆய்வாளர் பீட்டர் பிரான்சிஸ். இம்மணிகளை ஒவ்வொன்றாக உருட்டிச் செய்யவில்லை. உருகிய கண்ணாடியை இரும்புக் குழலின் நுனியில் கூம்பு போலத் திரட்டி உலையில் வைத்து, அதன் நடுவே துளை உண்டாக்கி, நுனியைக் கொக்கியால் பற்றி இழுப்பர். தேன் ஒழுகுவது போலக் கண்ணாடி நீண்டு மெல்லிய குழாயாக வரும்; துளையும் அதனுடனே நீளும். பல மணி நேரம் இழுக்கப்பட்ட அக்குழாயைச் சிறு சிறு துண்டுகளாக நறுக்குவர். நறுக்கிய விளிம்பு கூராக இருக்குமாகையால், துண்டுகளைச் சாம்பலோடு கலந்து மீண்டும் சூடேற்றிக் கிளறுவர். விளிம்புகள் மழுங்கி உருண்டு வரும். துளைகளில் சாம்பல் நிறைந்திருப்பதால் அவை அடைபடுவதில்லை. இதே முறையில், திருப்பதிக்கு அண்மையில் உள்ள பாப்பாநாயுடுபேட்டையில் இருபதாம் நூற்றாண்டிலும் உலைகள் எரிந்தன. அங்கு அந்த இரும்புக் குழலுக்கு லாடா என்று பெயர். அரிக்கமேட்டு மண்ணில் கிடைத்த குழாய்த் துண்டுகளுக்குப் பொருள் விளங்கியது, உயிரோடிருந்த இந்தத் தொழிலாளரின் கைகளைப் பார்த்த பிறகுதான்.

இம்மணிகள் சென்ற தொலைவு வியப்புக்குரியது. இலங்கையின் மாந்தை, தாய்லாந்தின் குளோங் தோம், வியட்நாமின் ஓக் இயோ ஆகிய இடங்களிலும் இவ்வகை மணிகள் செய்யப்பட்டமைக்குச் சான்றுகள் உண்டு. கொரியாவில் 1971-இல் வெளிப்பட்ட முரியோங் மன்னரின் கல்லறையிலும், தென்னாப்பிரிக்காவின் மாபுங்குப்வேயிலும் இவ்வின மணிகள் கிடைத்துள்ளன. இந்தோனேசியாவின் கிழக்குத் தீவுகளில் 'முத்திசலா' என்னும் செம்மணிகளைத் தலைமுறை தலைமுறையாகக் குலச்சொத்தாகப் போற்றுவர். ஆனால் ஓர் எச்சரிக்கை. இவையெல்லாம் நம் நாட்டிலிருந்தே சென்றன என்று மார்தட்டிக்கொள்வது வரலாற்று முறையாகாது. கண்ணாடியின் வேதியியல் கலவையை ஆராய்ந்தால், மணலும் உவர்மண்ணும் சேர்த்து உருக்கிய தென்னாசியக் கண்ணாடி எது, வேற்று நாட்டுக் கண்ணாடி எது என்று பிரித்தறியலாம். ஒன்று போலத் தோன்றும் மணிகள் ஒரே இடத்தில் பிறந்தவை என்று கொள்ளலாகாது.

நீங்களும் ஒரு மணியைப் படித்தறியலாம். ஓர் உருப்பெருக்கிக் கண்ணாடி போதும். கண்ணாடி மணிக்குள் நுண்ணிய காற்றுக் குமிழிகளும் கோடுகளும் காணப்படும். அவை துளைக்கு இணையாக நீண்டு சென்றால், அது இழுத்துச் செய்த மணி. துளையைச் சுற்றி வளைந்து சென்றால், கம்பியின்மீது சுற்றிச் செய்த மணி. நடுவே தையல் போன்ற ஒரு தடம் ஓடினால், அச்சில் வார்த்த மணி. கல்மணியாயின், துளையின் உள்ளே நோக்குங்கள். இருபுறமிருந்தும் வந்த துளைகள் சந்தித்த இடம் சில மணிகளில் தெரியும்.

என் ஆசிரியப் பணிக்காலத்தில் ஒரு மழைக்காலத்தே, ஒன்பதாம் வகுப்பு மாணவன் ஒருவன் கைவளை ஒன்றைக் கொண்டுவந்து காட்டினான். அவன் தமக்கை கோத்தது. கடையில் வாங்கிய பிளாஸ்டிக் மணிகளுக்கு இடையே, செங்கற் சிவப்பாகவும் நீலமாகவும் பழைய கண்ணாடி மணிகள் இருபதுக்கு மேல் இருந்தன. கோத்த விதமும் அழகாகவே இருந்தது. "இந்தச் சிவப்பு மணிகள் எங்கே கிடைத்தன, தம்பி?" என்று கேட்டேன். "ஆற்றோரத்து மேட்டிலே சில, ஐயா, ஏரிக்கரையிலே சில, மாமா ஊரிலிருந்து வந்தவை சில. எது எங்கே எடுத்தது என்பது இப்போது நினைவில்லை" என்றான். அவன்மேல் குற்றமில்லை, அவனுக்கு யாரும் சொல்லித் தரவில்லை. ஆயினும் அந்த வளை இனி எந்த ஊரின் வரலாற்றையும் சொல்லாது. அந்த மேடு ஒரு பழைய ஊரா, இடுகாடா, உலைக்களமா என்று காட்டியிருக்கக்கூடிய சான்று, ஒரு நூலில் கோக்கப்பட்டதோடு முடிந்துபோயிற்று. மணிகள் அழியவில்லை, அவை கிடந்த இடம்தான் அழிந்தது. வகுப்பில் அந்த வளையை எல்லோர்க்கும் காட்டி, இந்தச் செய்தியை ஒரு பாடமாகவே நடத்தினேன்.

ஒரு சிறுவன் பொறுக்கும் மணியால் என்ன நட்டம் என்று கேட்கலாம். அரிக்கமேட்டுக்கு நேர்ந்ததை நினைத்துப் பாருங்கள். ஒரு புறம் ஆறு கரையை அரித்தது. மறு புறம் ஆண்டாண்டுக் காலமாகப் பலர் மணிகளை அள்ளிச் சென்றனர். பழைய மணிக்கு விலை கொடுப்போர் இருக்கும்வரை, அதைத் தோண்டுவோரும் இருப்பர். இதனாலேயே சட்டங்களும் ஏற்பட்டன. மண்ணில் புதைந்து கிடைத்த, 10 ரூபாய்க்கு மேல் மதிப்புள்ள பொருளைப் பற்றி ஆட்சியருக்குத் தெரிவிக்க வேண்டும் என்று 1878-ஆம் ஆண்டின் புதையல் சட்டம் கூறுகிறது. 1972-ஆம் ஆண்டின் தொல்பொருள் சட்டம், உரிமமின்றிப் பழம்பொருள் வணிகம் செய்வதையும், அவற்றை வெளிநாட்டுக்குக் கொண்டுசெல்வதையும் தடுக்கிறது. ஆனால் எல்லா மேட்டுக்கும் காவலரை நிறுத்த எந்த அரசாலும் இயலாது. அந்தந்த ஊர்ப் பிள்ளைகளே அவற்றுக்குக் காவலர்.

ஆகவே, மாணவர்களே, உங்கள் ஊர் மேட்டில் மழைக்குப் பின் மணி ஒன்று மின்னினால், அதைக் கையில் எடுக்குமுன் ஒரு கணம் நில்லுங்கள். இயன்றால் கிடந்த இடத்திலேயே படம் பிடியுங்கள். ஊர், நிலத்தின் பெயர், நாள், அருகே கிடந்த பானையோடு ஆகியவற்றைக் குறிப்பேட்டில் எழுதுங்கள். உங்கள் ஆசிரியர் வாயிலாகத் தொல்லியல் துறையினருக்குச் செய்தி அனுப்புங்கள். தோண்ட வேண்டா, பொறுக்க வேண்டா, விற்க வேண்டவே வேண்டா.

அங்ஙனமாயின் அழகிய மணி மாலைக்கு எங்கே போவது என்று மாணவியர் கேட்கக்கூடும். உத்தரப் பிரதேசத்துப் புர்தில்நகர் கண்ணாடி மணிக்குப் பெயர் பெற்ற ஊர். கம்பாத்தோ கல்மணிக்குப் பெயர் பெற்றது. நம் ஊர்ச் சந்தையிலும் திருவிழாவிலும் பாசிமணி கோத்து விற்கும் நரிக்குறவ மக்களிடம், கோக்கும் கலையின் நுட்பங்கள் பல உண்டு. செய்தவர் யார், எவ்வாறு செய்தார் என்று கேட்டறிந்து, உரிய விலை கொடுத்து வாங்குங்கள். பிறரிடம் இல்லாத மணி வேண்டும் என்ற உங்கள் ஆசை, ஒரு கைத்தொழிலாளியின் உலையில் நெருப்பு அணையாமல் காக்கட்டும். மண்ணில் கிடக்கும் பழைய மணி, தன் சான்றைச் சொல்லி முடிக்கும்வரை கிடந்த இடத்திலேயே கிடக்கட்டும்.